வண்ணத்துப்பூச்சிக்காகக் கையெழுத்துப் போடுகிறவர்கள்: நம்பிக்கையாளர் சபை என்றால் என்ன?

தோட்டத்து மாரியம்மன் கோயிலில் ஒரு தர்மகர்த்தா சபை இருக்கும். உண்டியல் காசு, உபயகாரர் தந்த நகை, தேர்த் திருவிழாவுக்குச் சேர்த்த சந்தா எல்லாம் அவர்கள் பொறுப்பில். ஆனால் அதில் ஒரு சதம்கூட அவர்களுடையது கிடையாது, பூசகருடையதும் கிடையாது. அம்மனுக்கென்று ஊர் கொடுத்தது. எதற்காகக் கொடுக்கப்பட்டதோ அதற்கே அதைச் செலவழித்து, வருடத்துக்கு ஒரு தடவை ஊர் முன்னால் கணக்குச் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்.

வண்ணத்துப்பூச்சிகளையும் அந்துப்பூச்சிகளையும் பாதுகாக்கவென்று ஒரு தொண்டு அமைப்பு இருந்தால், அங்கேயும் இதே ஏற்பாடுதான். அதை நடத்தும் பொறுப்பில் இருப்பவர்களை நம்பிக்கையாளர்கள் என்றோ அறங்காவலர்கள் என்றோ சொல்கிறோம். சில அமைப்புகளில் செயற்குழு என்பார்கள், கம்பனியாகப் பதிந்த அமைப்பில் பணிப்பாளர் சபை என்பார்கள். பெயர் எதுவானாலும் பொறுப்பு ஒன்றுதான்: அமைப்பின் நோக்கம், பணம், பெயர் மூன்றுக்கும் கடைசியில் பதில் சொல்ல வேண்டியவர்கள் இவர்கள்.

ஆனால் கோயிலுக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கோயிலில் விளக்கு எரியவில்லை என்றால் மறுநாள் காலையிலேயே யாராவது கேட்டுவிடுவார்கள். சந்தா கட்டியவர் பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று சத்தம் போடுவார். வண்ணத்துப்பூச்சி பொதுக்கூட்டத்துக்கு வராது. அதன் பெயரில் சேர்த்த பணம் வேறெதற்கோ போனாலும், அது முட்டையிடும் கொடியை அதற்கென்று இருக்கும் அமைப்பே வெட்டிப் போட்டாலும், அது முறைப்பாடு செய்யாது. யாருக்காக அமைப்பு இயங்குகிறதோ அவர்களால் கேள்வி கேட்க முடியாது. அதனால் அந்தக் கேள்விகளைக் கேட்பதுதான் நம்பிக்கையாளரின் முதல் வேலை. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கும்.

எதைப் பாதுகாக்கப் போகிறோம் என்பதையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். இலங்கையில் ஏறத்தாழ 250 வகை வண்ணத்துப்பூச்சிகள் இருக்கின்றன. அவற்றில் இருபதுக்கும் மேற்பட்டவை உலகில் வேறெங்கும் இல்லாதவை. அந்துப்பூச்சிகளின் வகைகள் இதைவிடப் பல மடங்கு அதிகம். சிவனொளிபாதமலைக் காடு, ஹோட்டன் சமவெளி, நக்கிள்ஸ் மலைத்தொடர் மூன்றையும் சேர்த்து 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் இட்டது. நாம் கொழுந்து பறிக்கும் மலைகள் இந்தக் காடுகளை ஒட்டியே இருக்கின்றன. வருடத்தில் சில வாரங்கள் மஞ்சளும் வெள்ளையுமாக வண்ணத்துப்பூச்சிகள் கூட்டம் கூட்டமாகப் பறந்து போவதை மலையகத்தில் பார்க்காதவர் குறைவு. அவை சிவனொளிபாதமலைக்கு யாத்திரை போகின்றன என்பார்கள் பெரியவர்கள்.

இலங்கையின் தேசிய வண்ணத்துப்பூச்சி, கறுப்பும் பொன்மஞ்சளுமாக உள்ளங்கையைவிடப் பெரிதாக விரியும் ஒன்று. அதன் புழு கண்டதையும் தின்னாது. ஈஸ்வரமூலிக் கொடியும் அதன் குடும்பத்துச் செடிகளும்தான் அதற்கு உணவு. அந்தப் புழுவைக் கிட்ட நின்று பார்த்திருக்கிறீர்களா? கருஞ்சிவப்பு வெல்வெட் துணியில் செய்த மாதிரி உடம்பு, முதுகு நெடுக சதைப்பிடிப்பான கூம்புகள், நடுவில் சாய்வாக ஒரு வெளிர்ப் பட்டை. தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து இரண்டு கொம்புகளை வெளியே நீட்டி ஒரு நாற்றம் விடும். பயமாக இருக்கும், ஆனால் கடிக்காது, சுணைக்காது. தோட்டப் பாதையோரம் புல் வெட்டும்போது இந்தக் கொடியும் களையோடு களையாகப் போய்விடுகிறது. கொடி போனால் புழு இல்லை. புழு இல்லாவிட்டால் பூச்சி எங்கிருந்து வரும்?

சரி, இனி சபைக்கு வருவோம்.

அமைப்பு ஒன்றில் பல விதமானவர்கள் இருப்பார்கள். களத்தில் இறங்கிப் பூச்சிகளை எண்ணுகிற தொண்டர்கள், சம்பளத்துக்கு வேலை செய்யும் அலுவலர்கள், சந்தா கட்டும் அங்கத்தவர்கள், கௌரவப் பதவியில் இருக்கும் பிரபலங்கள். நம்பிக்கையாளர் இவர்களிலிருந்து வேறுபட்டவர். பிரித்தானியாவில் 1968இல் தொடங்கிய பட்டர்ஃபிளை கன்சர்வேஷன் என்ற அமைப்பு இதற்கு நல்ல உதாரணம். வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சி இரண்டுக்கும் சேர்த்தே பாடுபடும் அமைப்பு அது. அதன் முதல் தலைவர் சேர் பீட்டர் ஸ்கொட். பின்னர் பல வருடங்கள் அந்தப் பதவியில் இருந்தவர் தொலைக்காட்சியில் நாம் பார்த்து வளர்ந்த சேர் டேவிட் அற்றன்பரோ. அந்தத் தலைவர் பதவி அமைப்புக்கு மதிப்பும் கவனமும் தேடித் தருவது. வரவு செலவுத் திட்டத்தை ஒப்புக்கொள்வதும், தலைமை நிறைவேற்று அதிகாரியை நியமித்து அவர் வேலையை மேற்பார்வை செய்வதும், கணக்கில் கையெழுத்துப் போடுவதும் நம்பிக்கையாளர் சபை. அந்த வேலைக்கு அவர்களுக்குச் சம்பளம் கிடையாது, போக்குவரத்துச் செலவு போன்றவற்றை மட்டும் திரும்பப் பெறலாம்.

இங்கிலாந்துச் சட்டம் இந்தப் பொறுப்பை ஆறு கடமைகளாகச் சொல்கிறது. அங்கே 1853ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உருவான அறக்கட்டளை ஆணைக்குழு ஒன்று இன்றுவரை இவற்றைக் கண்காணிக்கிறது. ஆறில் நான்கு எவருக்கும் எளிதில் விளங்கும்: யாப்பின்படியும் (அமைப்பின் விதிகளை எழுதிவைத்த ஆவணம்) சட்டத்தின்படியும் நட, அமைப்பின் நன்மையை மட்டும் பார்த்து முடிவெடு, சொத்தைப் பொறுப்பாகக் கையாள், கேட்கும்போது கணக்குச் சொல். மிச்சம் இரண்டில்தான் நல்ல மனிதர்கள்கூடத் தடுக்கி விழுகிறார்கள். அமைப்பை அதன் நோக்கத்துக்காகவே நடத்துவது ஒன்று. போதிய கவனத்தோடும் திறமையோடும் நடத்துவது மற்றது.

நோக்கம் என்பதை ஒரு கற்பனைக் கூட்டத்தை வைத்துப் பார்ப்போம். நுவரெலியாப் பக்கம் வண்ணத்துப்பூச்சிப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். நம்பிக்கையாளர்கள் ஏழு பேர். ஒரு ஹோட்டல் கடிதம் அனுப்பியிருக்கிறது: தங்கள் வளவில் ஒரு வண்ணத்துப்பூச்சிப் பூங்கா அமைத்துத் தந்தால் ஐந்து லட்சம் ரூபாய் நன்கொடை. பூக்கள் நிறைய வேண்டும், வரும் விருந்தினர் படம் எடுக்க வசதியாக இருக்க வேண்டும், வாசலில் அமைப்பின் பெயர்ப்பலகையும் வைக்கலாம். அமைப்பின் வங்கிக் கணக்கில் இருப்பதோ நாற்பதாயிரம்.

எல்லோருக்கும் சந்தோஷம். செயலாளர் நன்றிக் கடிதத்தின் வரைவைக்கூட எழுதிக்கொண்டு வந்துவிட்டார். அப்போது ஒருவர் கேட்கிறார்: "இந்தப் பூங்காவில் புழு எதைத் தின்னும்?"

அந்தக் கேள்வியைக் கேட்டவர்தான் அன்றைக்கு நம்பிக்கையாளராக இருந்தவர். பூவில் தேன் குடிக்க வளர்ந்த பூச்சி வரும், உண்மைதான். ஆனால் முட்டையிட அதற்குத் தன் புழுவுக்கு ஏற்ற செடி வேண்டும். ஒவ்வொரு வகைக்கும் அது வேறு செடி. பூ மட்டும் உள்ள இடத்துக்கு வண்ணத்துப்பூச்சி விருந்தாளியாக வருமே தவிர, அங்கே குடியிருக்காது. போதாததற்கு, பார்வைக்கு அழகான வெளிநாட்டுச் செடிகளில் சில நம் மலைக்குப் பகை. ஹோட்டன் சமவெளியில் மஞ்சள் பூப்பூக்கும் கோர்ஸ் முட்செடி பரவி, அதைப் பிடுங்கி எறியவே ஆட்கள் வேண்டியிருக்கிறது. அதுவும் அலங்காரத்துக்கு எங்கிருந்தோ வந்த செடிதான்.

ஆகவே சபை காசை வேண்டாமென்று சொல்ல வேண்டுமா? தேவையில்லை. "ஈஸ்வரமூலி, கறிவேப்பிலை, எலுமிச்சை, உள்ளூர்ப் புல்வகைகள் இவையும் நடவேண்டும், மருந்து அடிக்கக்கூடாது, இலையைப் புழு தின்றால் தோட்டக்காரர் அதை நசுக்கக்கூடாது" என்று நிபந்தனை எழுதி அனுப்பலாம். ஹோட்டல் ஒத்துக்கொண்டால் நல்லது. ஒத்துக்கொள்ளாவிட்டால், யாப்பில் "வண்ணத்துப்பூச்சிகளையும் அவற்றின் வாழிடங்களையும் பாதுகாத்தல்" என்று எழுதியிருப்பதை எடுத்து வாசித்து, அந்த ஐந்து லட்சத்தை விட்டுவிட வேண்டும். கணக்கில் நாற்பதாயிரம் இருக்கும்போது இதைச் சொல்ல நெஞ்சுரம் வேண்டும். சம்பளத்துக்கு இருக்கும் அலுவலரால் இதைச் சுலபமாகச் சொல்ல முடியாது, அவருடைய அடுத்த மாதச் சம்பளமும் அந்தக் காசில் இருக்கலாம். சம்பளம் வாங்காத ஆட்களை ஏன் மேலே உட்கார வைத்தார்கள் என்பது இந்த இடத்தில் விளங்கும்.

அடுத்தது கவனமும் திறமையும். இங்கே நல்லெண்ணம் மட்டும் போதாது. இதற்கு இங்கிலாந்தின் பெரிய நீல வண்ணத்துப்பூச்சியின் கதையைத்தான் நான் முதலில் சொல்வேன். அது அருகி வந்த காலத்தில், சேகரிப்பவர்கள் பிடித்துக்கொண்டு போவதுதான் காரணம் என்று நினைத்து, அது வாழ்ந்த இடங்களில் வேலி போட்டார்கள். வேலி மனிதர்களோடு சேர்த்து ஆடு மாடுகளையும் தடுத்தது. மேய்ச்சல் இல்லாமல் புல் உயர்ந்தது. புல் உயர்ந்ததும் மண் குளிர்ந்தது. மண் குளிர்ந்ததும் அங்கிருந்த ஒரு வகைச் சிவப்பு எறும்பு போய்விட்டது. அந்த வண்ணத்துப்பூச்சியின் புழு தன் வாழ்நாளில் பெரும்பகுதியைக் கழிப்பது அந்த எறும்பின் புற்றுக்குள்! 1979இல் பெரிய நீலம் பிரித்தானியாவில் அற்றுப்போனது. இந்தத் தொடர்பையெல்லாம் ஆராய்ந்து அறிந்த பிறகு, 1983 முதல் சுவீடனிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். மேய்ச்சலையும் சரியாகத் திரும்பக் கொண்டுவந்ததால் இன்று அது மீண்டும் பறக்கிறது.

வேலி போட்டவர்கள் கெட்டவர்கள் இல்லை. அந்த வண்ணத்துப்பூச்சி மேல் அவர்களுக்கு இருந்த பாசமும் பொய்யில்லை. ஆனால் "இதுதான் காரணம் என்று எப்படித் தெரியும்?" என்ற கேள்வி வேலிக்குக் காசு கொடுக்கும் முன்னால் கேட்கப்பட வேண்டிய கேள்வி. நம்பிக்கையாளர் பூச்சியியல் படித்திருக்க வேண்டியதில்லை. படித்தவரிடம் கேட்கத் தெரிந்தால் போதும். கேட்டதையும் கிடைத்த பதிலையும் கூட்ட அறிக்கையில் எழுதி வைக்கவும் வேண்டும்.

நம் மலைநாட்டிலேயே இதற்கு இணையான கதை ஒன்று உண்டு. அதில் வருவது அந்துப்பூச்சி. தேயிலை இலைகளைச் சேர்த்துச் சுருட்டி உள்ளே இருந்து தின்னும் புழு ஒன்று ஒரு காலத்தில் தோட்டங்களை நாசமாக்கியது. 1935, 1936 காலத்தில் ஜாவாவிலிருந்து ஒரு சிறு குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். அந்தப் புழுவுக்குள் முட்டையிட்டு வளரும் குளவி அது. புழுவின் தொல்லை அடங்கியது. பிறகு 1950களில், தேயிலைக் கிளையைத் துளைக்கும் வேறொரு சிறு வண்டுக்காக டீல்ட்ரின் என்ற கடும் மருந்தை அடித்தபோது அந்தக் குளவியும் செத்தது. அடங்கியிருந்த இலைசுருட்டி மறுபடி கிளம்பிவிட்டது. தலவாக்கலையில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையத்துக்கு இந்த வரலாறு நன்றாகத் தெரியும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், மலையகத்தில் அந்துப்பூச்சியைப் பாதுகாக்கும் அமைப்பின் நம்பிக்கையாளர் எவரும் ஒரு கேள்வியிலிருந்து தப்ப முடியாது: "தேயிலையைத் தின்கிற பூச்சியையா காப்பாற்றப் போகிறீர்கள்?" துரையும் கேட்பார், கங்காணியும் கேட்பார், மயிர்க்கொட்டி பட்டுக் கை வீங்கிய அக்காவும் கேட்பார். நியாயமான கேள்வி. தேயிலையைத் தின்பவை விரல்விட்டு எண்ணக்கூடிய சில வகைகளே. மற்றவை பக்கத்துக் காட்டுச் செடிகளைச் சார்ந்தவை. இரவில் பூக்கும் செடிகளுக்கு மகரந்தம் கொண்டுபோவதில் அவற்றுக்குப் பங்கு உண்டு, குருவிக் குஞ்சுகளுக்கு இரையாவது அவற்றின் புழுக்களே. கண்ட மருந்தையும் அடித்தால் நமக்கு உதவும் பூச்சிகளும் சேர்ந்து சாகும் என்பதற்குக் குளவிக் கதையே சாட்சி. இதைத் தெளிவாகச் சொல்லத் தெரியாத சபை தோட்டத்துக்குள் கால் வைக்க முடியாது.

இதோடு ஒட்டியது நலன் முரண்பாடு. சபையில் ஒருவர் பூச்சிமருந்துக் கடை வைத்திருக்கிறார், நல்ல மனிதர், அமைப்புக்கு நிறைய உதவியவர் என்று வைத்துக்கொள்வோம். மருந்து பற்றிய தீர்மானம் மேசைக்கு வரும்போது அவர் தன் தொழிலைச் சொல்லிவிட்டு, வெளியே போய் நிற்க வேண்டும். சொன்னதும் போனதும் அறிக்கையில் பதிவாக வேண்டும். மைத்துனரின் அச்சகத்தில் துண்டுப்பிரசுரம் அடிப்பதும், தம்பியின் வேனை வாடகைக்கு எடுப்பதும் இதே கணக்கில் சேரும். எல்லோரும் எல்லோருக்கும் உறவாக இருக்கும் நம் ஊர்களில் இதைக் கேட்டால் "என்னைச் சந்தேகப்படுகிறீர்களா?" என்று முகம் சுருங்கும். அதனால் முதல் கூட்டத்திலேயே இதை எல்லோருக்கும் பொதுவான வழக்கமாக வைத்துவிடுவது நல்லது. பிறகு யாருக்கும் மனவருத்தம் வராது.

பண விஷயம் எல்லா அமைப்புக்கும் பொதுவானது. காசோலைக்கு இரண்டு கையெழுத்து, ஒவ்வொரு வரவுக்கும் பற்றுச்சீட்டு, வருடக் கடைசியில் கணக்காய்வு. ஒரு வேலைக்கென்று தந்த காசை அந்த வேலைக்கு மட்டும் செலவழிப்பது. பொருளாளர்தானே கணக்குப் பார்க்கிறார் என்று மற்றவர்கள் ஒதுங்க முடியாது என்பதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். கணக்கு பிழைத்தால் பொறுப்பு சபை முழுவதுக்கும்.

இலங்கையில் இப்படி ஓர் அமைப்பைச் சட்டப்படி நிறுவப் பல வழிகள் உண்டு. 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் அறக்கட்டளையாகத் தொடங்கலாம். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் இலாபம் பகிராத உத்தரவாதக் கம்பனியாகப் பதியலாம். 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தன்னார்வ சமூக சேவை அமைப்பாகப் பதியலாம். பாராளுமன்றத்தில் தனிச்சட்டம் கொண்டுவந்து கூட்டிணைக்கப்பட்ட அமைப்புகளும் இருக்கின்றன. எந்த வழியில் பதிந்திருக்கிறோம் என்பதைப் பொறுத்து அறிக்கை எங்கே போக வேண்டும், கடன் வந்தால் யார் கட்ட வேண்டும் என்பவை மாறும். சபையில் சேரச் சொல்லி யாராவது அழைத்தால் முதலில் இதைக் கேளுங்கள். பதிவுச் சான்றிதழையும் யாப்பையும் கடைசி மூன்று வருடக் கணக்கையும் வாங்கி வாசியுங்கள். தர மறுத்தால் சேர வேண்டாம்.

இரண்டு விஷயங்கள் பூச்சி அமைப்புக்கே உரியவை. ஒன்று, நிலம். பெரும்பாலான தோட்டக் காணி அரசுக்குச் சொந்தம், 1992க்குப் பிறகு பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் நிர்வாகத்துக்கு வந்தது. லயத்துக்குப் பின்னால் ஓடைக்கரையில் ஈஸ்வரமூலி நடுவதாக இருந்தாலும் துரையிடம் வாய்ச்சொல் வாங்கினால் போதாது. துரை மாறிப் போவார், புதியவர் வந்து வெட்டச் சொல்வார். கம்பனியின் எழுத்து மூல அனுமதி வேண்டும். காட்டுக்குள் ஆய்வு என்றால் வனஜீவராசிகள் திணைக்களத்திடமோ வனத் திணைக்களத்திடமோ அனுமதி எடுத்த பிறகே தொண்டர்களை அனுப்ப வேண்டும்.

இன்னொன்று, தகவல். அரிதான பூச்சி எந்த ஓடையில், எந்த மாதத்தில் வருகிறது என்ற குறிப்பு அமைப்பின் பெரிய சொத்து. 2020 மே மாதம் யால தேசிய பூங்காவில் வண்ணத்துப்பூச்சிகள் உட்பட நூற்றுக்கணக்கான பூச்சிகளைப் பிடித்து வைத்திருந்த இரண்டு வெளிநாட்டவர் கைதானார்கள். 2024 செப்டெம்பரில் நீதிமன்றம் அவர்களுக்கு ஆறு கோடி ரூபாய் அபராதம் விதித்தது. இப்படிப்பட்டவர்கள் தேடுவது நம் தொண்டர்கள் ஆசையாகக் குறித்து வைக்கும் இடங்களைத்தான். எதை முகநூலில் போடலாம், எதை மாவட்டப் பெயரோடு நிறுத்த வேண்டும், எதை யாருக்கும் சொல்லக்கூடாது என்ற விதியைச் சபை எழுத்தில் வைத்திருக்க வேண்டும்.

இந்தச் சபையில் யார் உட்கார வேண்டும்? இலங்கையின் பழைய இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 1894இல் தொடங்கியது. வேட்டையில் நாட்டமுள்ள துரைமார் முன்னின்று தொடங்கியது அது. அன்று அந்த மேசையில் நம்மவர் யாரும் இல்லை. இன்றும் கூட்டம் கொழும்பில் ஆங்கிலத்தில் நடந்தால், ஹட்டனிலிருந்தும் பதுளையிலிருந்தும் யாரும் போய் உட்கார முடியாது. ஒரு கணக்காளர் வேண்டும், சட்டம் தெரிந்தவர் ஒருவர் வேண்டும், பூச்சி தெரிந்தவர் ஒருவர் வேண்டும், சந்தேகமில்லை. அதே அளவுக்கு, கொழுந்து மலையில் தினமும் நிற்கும் ஒருவரும் வேண்டும். எந்தப் பாத்தியில் மருந்து அடித்தார்கள், எந்த ஓடைக்கரையைச் சுத்தம் பண்ணினார்கள், இந்த வருடம் மஞ்சள் பூச்சி எப்போது போனது என்பதெல்லாம் அவருக்கே முதலில் தெரியும். அவரைச் சேர்ப்பதென்றால் கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வைக்க வேண்டும், ஆவணங்கள் தமிழிலும் இருக்க வேண்டும், பஸ் காசு அன்றைக்கே கையில் கிடைக்க வேண்டும். பெயருக்கு ஒருவரைச் சேர்த்துவிட்டு ஆங்கில அறிக்கையில் கையெழுத்து வாங்குவது அவருக்குச் செய்யும் அநியாயம். தனக்குப் புரியாத கணக்குக்கு அவரும் பொறுப்பாளி ஆகிறார் அல்லவா?

கடைசியாக, விலகுவது பற்றி. மூன்று வருடம் என்று யாப்பு சொன்னால் மூன்று வருடத்தில் போக வேண்டும். போகும்போது ராஜினாமாக் கடிதம் கொடுத்தால் மட்டும் வேலை முடியாது. வங்கியில் உங்கள் கையெழுத்தை நீக்கிப் புதியவரின் கையெழுத்தைச் சேர்க்கும் தீர்மானம் கூட்டத்தில் நிறைவேறி, அதன் பிரதி வங்கிக்குப் போயிருக்க வேண்டும். பதிவு அலுவலகத்தில் உங்கள் பெயர் மாறியிருக்க வேண்டும். உங்கள் வீட்டில் இருக்கும் கணக்குப் புத்தகம், பற்றுச்சீட்டுக் கட்டு, பூச்சிக் குறிப்புகள் உள்ள கணினியின் கடவுச்சொல் எல்லாவற்றையும் ஒப்படைத்து, பெற்றுக்கொண்டதாக ஒரு தாளில் கையெழுத்து வாங்கி, அதன் பிரதி ஒன்றை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்.